கோஸ்ட் சிட்டிக்குப் பிறகு ஹால் ஜோர்டன்: அந்த மனமுறிவை நம்ப முடிகிறதா?

வில்வன்:
கிரீன் லான்டர்ன் காமிக்ஸ் 48, 49, 50. 1994இல் ரான் மார்ஸ் எழுதிய மூன்று இதழ்கள். நாயகன் ஹால் ஜோர்டன், நினைத்ததை உருவாக்கும் மோதிரம் அணிந்து விண்வெளியைக் காக்கும் லான்டர்ன் படையில் ஒருவர். அவருடைய ஊரான கோஸ்ட் சிட்டி அழிந்து எழுபது லட்சம் பேர் செத்த துக்கத்தில் 48இல் உடைகிறார். 50 முடிவதற்குள் சக லான்டர்ன் கிலோவாக்கையே கொன்றுவிடுகிறார். உடைந்ததை அப்படியே நம்ப முடிகிறது. கொலை ஒட்டவே மாட்டேன் என்கிறது. இது பாத்திரப் படைப்பில் உள்ள ஓட்டையா, பக்கம் பற்றாத குறையா? பழைய இதழ்களையும் படித்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு:
உடைகிற இடம் ரொம்பச் சரியா எழுதப்பட்டிருக்கு, நண்பரே. 48ஐ நிதானமாப் பாருங்க. ஊர் இருந்த இடத்துல நின்னு, மோதிரத்தை வெச்சு ஊரையே திரும்ப எழுப்புறார். பழைய காதலி, அம்மா, அப்பா எல்லாரும் வர்றாங்க. ஆனா மோதிரம் போட்டிருக்கறவர் மனசுல இருக்கறதைத்தான் அது உருவாக்கும். சோதனை விமான விபத்துல செத்துப்போன அந்த அப்பா பேசுற ஒவ்வொரு சொல்லும் ஹால் தானே தனக்குச் சொல்லிக்கிட்டது. சார்ஜ் தீர்ந்ததும் எல்லாரும் கரைஞ்சு போறாங்க. அவருக்கு அது இரண்டாவது சாவு. அந்த நேரம் பார்த்து, படையை நடத்துற கார்டியன்கள்ல ஒருத்தரோட பிம்பம் வந்து, சொந்தக் காரியத்துக்கு மோதிரத்தைப் பயன்படுத்தினதுக்காகக் கண்டிச்சு, அவங்க கிரகமான ஓவாவுக்கு வரச் சொல்லுது. துக்கம் கோபமாத் திரும்ப அது போதும்.

சறுக்கல் 49ல. ஒரு லான்டர்ன் வழிமறிக்கிறார், சண்டை, தோல்வி, மோதிரம் ஹால் விரலுக்குப் போகுது. அடுத்தவர், மறுபடி அதேதான். பூடிக்காங்கற லான்டர்னோட கையையே வெட்டி எடுக்கிறார். அவ்வளவு தூரம் போனவருக்கு முதல் சண்டைக்கும் கடைசிச் சண்டைக்கும் நடுவுல மனசு எங்கேயாவது நகர்ந்திருக்கணும். விரல்ல மோதிரம் கூடுது, ஆள் அதே ஆள்.

தாள்வாசி:
விதையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பூமியிலேயே அதிக நேரம் கழிக்கிறார் என்று கார்டியன்கள் அவரை விண்வெளிக்கு நாடு கடத்தியது முந்தைய தொடரின் 151ஆம் இதழில், 1982. அவர் மோதிரமே வேண்டாம் என்று விலகியது 181இல், 1984. ஆக, "நீ காக்க வேண்டியது உன் ஊரையா, எங்கள் ஒழுங்கையா" என்ற சச்சரவு அதற்குள்ளேயே பத்து வருஷப் பழசு. 1994இல் அதை ஒரே ஒரு வசனத்தில் ஹால் வாயில் வைத்திருந்தால்கூட பாதிப் பேர் சமாதானமாகியிருப்பார்கள்.

இன்னொரு காரணம் கதைக்கு வெளியே இருக்கிறது. இதே எண்களுக்கு முதலில் ஜெரார்ட் ஜோன்ஸின் வேறொரு கதைதான் அறிவிக்கப்பட்டிருந்தது. அதை விலக்கிவிட்டு, ஹாலை இறக்கிப் புதிய நாயகன் கைல் ரெய்னரை ஏற்றும் முடிவோடு மார்ஸிடம் கொடுத்தார்கள். போய்ச் சேரும் இடம் முடிவாகிவிட்டது, மூன்றே இதழ். பாதை குறுகியதற்கு எழுத்தாளரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

இரவல்_இதழ்:
பக்கக் கணக்கு பற்றிச் சொல்ல டேர்டெவில் 227 முதலான இதழ்கள்தான் சரியான அளவுகோல். 1986, ஃபிராங்க் மில்லர் எழுத்து, டேவிட் மாட்சுகெல்லி சித்திரம். டேர்டெவில் முகமூடிக்குள் இருப்பது வழக்கறிஞர் மாட் மர்டாக் என்று குற்றக் கும்பல் தலைவன் கிங்பின்னுக்குத் தெரிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கு, வழக்கறிஞர் தொழில், கடைசியில் வீடு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். அந்த இழப்பு மனசில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை உடம்பை வைத்தே காட்டுகிறார்கள். 227இல் தலைப்பு வரும் பக்கத்தில் மாட் சொந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார், நாம் மேலிருந்து பார்க்கிறோம். 228இல் அதே கோணம், மலிவு விடுதி அறை, கால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கிறார். 229இல் சந்தில், குப்பைக்கு நடுவே. வசனமே இல்லாமல் ஆள் தேய்வது தெரிகிறது. நண்பன் ஃபாகியே சதியில் இருக்கிறான் என்று அவர் சந்தேகப்படுகிற இடத்தில், அது தப்பான நினைப்பு என்று தெரிந்தும் நாம் அவர் பக்கம் நிற்கிறோம்.

ஹாலின் கதையில் இந்தப் படிக்கட்டுதான் இல்லை. 48இல் ஒரு படி, 50இல் மொட்டை மாடி.

மைக்கூடு:
ஒப்புக்கறேன். அதைவிட எனக்கு மனசு ஆறாதது 2004ல வந்த மறுபிறப்புத் தொடர். ஜெஃப் ஜான்ஸ் எழுதினது. ஹால் கெட்டவரானதும் வெச்சுக்கிட்ட பேர் பாரலாக்ஸ். அதை, மோதிரங்களுக்குச் சக்தி தர்ற மத்திய பேட்டரிக்குள்ள அடைபட்டிருந்த அச்ச உயிரி, அதுதான் ஹாலுக்குள்ள புகுந்துச்சுன்னு மாத்திட்டாங்க. காதோரம் முடி நரைச்சதுக்குக்கூட அதுவே காரணமாம். நாயகனைத் திரும்பக் கொண்டுவர நல்ல வழிதான், கதை விறுவிறுப்பாவும் இருக்கு. ஆனா 48ல அப்பாவோட பேசின அந்த மனுஷனோட துக்கத்துக்குப் பாதி மதிப்பு போயிடுச்சு. துக்கத்தால உடைஞ்சவர் பேய் பிடிச்சவரா ஆயிட்டார்.

வில்வன்:
நன்றி. அப்படியானால் பழுது இருப்பது 49இல்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் இரண்டு சண்டைகளை எடுத்துவிட்டு, அந்தப் பக்கங்களை 50இல் கிலோவாக்குக்குக் கொடுத்திருக்கலாம். பல லான்டர்ன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், சொந்தக் கிரகம் அழிந்ததைப் பார்த்தவர். ஊரையே இழந்த ஹாலிடம் பேச அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்தப் படையில் இல்லை. அவர் பேசி, ஹால் காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பிறகும் கொன்றிருந்தால் நம்பியிருப்பேன்.