மனைவிக்கு ஏர் பிஸ்டல் வாங்க வேண்டும்: எடை குறைந்ததா, வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

மலைக்கோட்டைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். என் மனைவிக்கு ஏர் பிஸ்டல் ஒன்று வாங்க வேண்டும். ஆலோசனை தேவை.

அவருக்கு வயது 41. மகளை ரைஃபிள் கிளப்புக்கு அழைத்துப்போய்விட்டு, அவள் சுட்டு முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் பயிற்சியாளர், “சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நீங்களும்தான் சுட்டுப் பாருங்களேன், அம்மா” என்று சொல்லப்போக, அன்றே பிடித்துக்கொண்டது. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். அம்மா நிறுத்தவில்லை.

கிளப்பின் பழைய மேட்ச் பிஸ்டலில்தான் (போட்டிக்கென்றே செய்த ஏர் பிஸ்டல்) சுடுகிறார். வலது கைக்காரர். இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. முதலாவது, குண்டுகள் கீழே, இடப்பக்கமாகப் போய் விழுகின்றன; கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில். குறிபார்க்கும் சைட்டைத் திருகித் திருத்தினால் சற்று நேரம் நடுவுக்கு வரும், பிறகு மேலே வலப்பக்கம் ஒன்று, மறுபடி கீழே ஒன்று என்று கலைந்துவிடும். இரண்டாவது, அரை மணி நேரத்தில் தோள் கனத்துவிடுகிறது.

சின்னக் கை, மெல்லிய மணிக்கட்டு. ஆகவே எடை குறைந்த துப்பாக்கியே பொருத்தம் என்று நினைக்கிறேன். இணையக் கடையில் சிஓ2 வாயுவில் இயங்கும் பிஸ்டல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போலவே இருக்கிறது, எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு, விலையும் கைக்கு அடக்கம். அது வேண்டாம் என்றால் ஜெர்மனியில் இருக்கும் என் மைத்துனர் அடுத்த முறை வரும்போது நல்லதாக ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். லைசென்ஸ் தேவையா என்பதும் தெரியவில்லை.

திருமண நாளுக்குப் பரிசாகத் தர எண்ணம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பத்துமீட்டர்:

சார், முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். அளவு பார்க்காமல் செருப்பு வாங்கினால்கூடக் கடையில் மாற்றித் தருவார்கள். மேட்ச் பிஸ்டலின் விலையோ லட்சத்தைத் தாண்டும். அதன் கிரிப், அதாவது கைப்பிடி, கைக்குச் சேரவில்லை என்றால் அலமாரியில்தான் தூங்கும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் புடவை எடுக்கலாம், பிஸ்டல் எடுக்கக் கூடாது.

அந்த சிஓ2 சமாச்சாரத்தை மறந்துவிடுங்கள். அந்த வகையில் பெரும்பாலானவை இரும்பு உருண்டை போடுபவை. பேரலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் இருக்காது, டிரிகர் கல் மாதிரி இருக்கும். பத்து மீட்டர் தூரத்தில் வைக்கும் இலக்கு அட்டையில் 10 என்ற வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு என்று வையுங்கள். அந்தக் கருவி தானாகவே அதைவிடப் பெரிய வட்டத்தில் குண்டுகளைச் சிதறடிக்கும். அவர் சரியாகச் சுட்டாரா, தவறாகச் சுட்டாரா என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். இரும்பு உருண்டை பட்டுத் தெறிக்கும் என்பதால் ஒழுங்கான கிளப்பில் உள்ளேயே விடமாட்டார்கள். அசல் துப்பாக்கி போன்ற தோற்றத்துடன் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போவதும் வம்பு.

நொய்யல்:

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் (.177 அங்குலம்) குண்டு வெளிவரும்போதுள்ள ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. மேட்ச் பிஸ்டல் எல்லாம் 4.5 மில்லிமீட்டர்தான். ஆற்றல் ஐந்தாறு ஜூல் அளவை ஒட்டி இருக்கும், வரம்புக்குக் கிட்டவே வராது. கடையில் அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, புகைப்படம் கேட்பார்கள்; கொடுங்கள். பில்லை உங்கள் மனைவி பெயரிலேயே போடச் சொல்லுங்கள். பயணத்தின்போது அந்த பில்லின் நகலும் கிளப் அடையாள அட்டையும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

மைத்துனர் விஷயம் வேண்டவே வேண்டாம். ஜெர்மனியில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் இங்கே எளிதாக இறங்கிவிடாது. இறக்குமதி அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்தில் அவரும் நிற்பார், வரவேற்கப் போன நீங்களும் நிற்பீர்கள். அவர் ஆசைப்பட்டால் நல்ல ஷூட்டிங் கண்ணாடிக்கு ஃபிரேம் வாங்கி வரச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

ஏர் பிஸ்டல் எதற்கு? ஆசை இருக்கிறது என்றால் நேராகத் தோட்டா போடும் .22 பிஸ்டலே வாங்கிவிடலாமே. சத்தமும் அதிர்வும் இருந்தால்தான் துப்பாக்கி.

நொய்யல்:

காவிரிக்கரை அவர்களே, .22-க்கு லைசென்ஸ் வேண்டும், தோட்டாவுக்குக் கணக்கு வேண்டும், 25 மீட்டர் ரேஞ்ச் வேண்டும். ஏர் பிஸ்டலில் கை படிந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது. இவர் கேட்டது அதுவும் அல்ல.

மூன்றாம்_லேன்:

நான் ஒரு பள்ளி ஆசிரியை, நானும் நாற்பதுக்கு மேல் சுட வந்தவள். அதனால் எழுதுகிறேன், சகோதரரே. நீங்கள் கேட்டது ‘எதை வாங்குவது’ என்று. சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் வாங்குவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு மூன்று இருக்கின்றன. இல்லையென்றால் புதுத் துப்பாக்கியிலும் குண்டு அதே ஏழு மணிக்குத்தான் போகும்.

வலது கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் விழுகிறது என்றால் பெரும்பாலோருக்குக் காரணம் டிரிகர்தான். சுடும் நொடியில் விரல் மட்டும் நகராமல் முழுக் கையும் சேர்ந்து இறுகுகிறது, முனை தாழ்கிறது. ஏன் இறுகுகிறது என்பதுதான் கேள்வி. கிளப் துப்பாக்கியின் கிரிப் பெரும்பாலும் எம் அல்லது எல் அளவில் இருக்கும், ஆண்களை மனத்தில் வைத்து வாங்கியது. சின்னக் கைக்காரர் அதைப் பிடித்தால் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியை நிரப்ப மூன்று விரல்களும் கூடுதலாக இறுக்கிப் பிடிக்கும். ஆள்காட்டி விரல் டிரிகரை எட்டுவதற்குள் நுனிதான் மிச்சம் இருக்கும். நுனியால் இழுத்தால் நேர் பின்னால் வராது, பக்கவாட்டில் தள்ளும்.

சைட்டைத் திருகுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கையில் இருக்கும் குறையைச் சைட்டால் ஈடுகட்டினால், ஒரு குண்டு தற்செயலாகச் சரியாக விடப்பட்டால்கூட அது எதிர்த்திசையில்தான் போய் விழும். நீங்கள் சொன்ன ‘மேலே வலப்பக்கம் ஒன்று’ அநேகமாக அவர் மிக நன்றாகச் சுட்ட குண்டு!

வீட்டில் மூன்று காரியம் செய்யுங்கள். கிரிப்பில் எந்த அளவு பொறித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சிறு முக்கோண ஓட்டை வைத்து, இரண்டு கண்களையும் திறந்தபடி அதன் வழியே தொலைவில் ஒரு சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் சுவிட்ச் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். மூன்றாவதாக, சுடும்போது முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். நாற்பதைத் தொட்டவர்களுக்கு இதுதான் முதலில் போகும்.

தோள் கனப்பதற்குத் துப்பாக்கியின் எடை மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. தூக்கினால் எட்டுப் பத்து விநாடிக்குள் சுட்டுவிட வேண்டும். மீறினால் சுடாமல் இறக்கி, மேசையில் வைத்து, மூச்சு வாங்கி மறுபடி தூக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் ‘இதோ வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது’ என்று அரை நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

மலைக்கோட்டைவாசி:

அம்மா, நன்றி. ஆச்சரியப் பரிசு போயிற்று, சுவிட்சைப் பார்க்கச் சொன்னதுமே “என்ன, பிஸ்டல் வாங்கப் போகிறீர்களா?” என்று கேட்டுவிட்டார்.

கிரிப் அளவு எல். ஆளும் கண் வலதுதான், அந்தக் கவலை இல்லை. முன் சைட் மங்கலாகத்தான் தெரிகிறதாம். வங்கி வேலைக்குப் போடும் இருபார்வைக் கண்ணாடியோடுதான் சுடுகிறார். தலையைச் சற்றுத் தூக்கினால் தெளிகிறது என்றார். அதற்காகவே கழுத்தை உயர்த்தி நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், அதுதான் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம்_லேன்:

பாதித் தோள்வலிக்கு விடை கிடைத்துவிட்டது. கண்ணாடிக் கடையில் துப்பாக்கி சுடுவதற்கென்று சொல்லி, தூரப் பார்வைக்கான பவரோடு +0.5 அல்லது +0.75 சேர்த்து ஒற்றைப் பார்வைக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். முன் சைட் கூர்மையாகவும் அட்டையின் கறுப்பு சற்று மங்கலாகவும் தெரிய வேண்டும். அட்டை மங்குகிறதே என்று பதற வேண்டாம். இடக்கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம். 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஒரு மறைப்புத் தகடு மாட்டிக்கொள்ள விதி அனுமதிக்கிறது.

பத்துமீட்டர்:

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். விதியில் இருப்பது இதுதான்: மொத்த எடை 1,500 கிராமுக்குள், டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஸ்டைர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்டினி என்று எந்தக் கம்பெனியை எடுத்தாலும் எடை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். ஐம்பது கிராம் வித்தியாசத்தில் தோள் பிழைக்காது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். முனை கனமாக இருந்தால் ஆட்டம் நிதானப்படும், ஆனால் மணிக்கட்டு உழைக்க வேண்டும். அவருக்குக் குட்டை பேரல் உள்ள காம்பாக்ட் வகை ஒத்துவரலாம். காம்பாக்ட், வழக்கமான நீளம் இரண்டையும் எஸ் கிரிப் போட்டுப் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் எம்முக்குச் சமமாகக்கூட இருக்கும், எழுத்தை நம்ப வேண்டாம்.

டிரிகரை முன்னும் பின்னும் நகர்த்த வழி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேட்ச் பிஸ்டல்களில் இருக்கும். விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுப்பகுதி டிரிகரில் பட வேண்டும்.

மின்னணு டிரிகரா, இயந்திர டிரிகரா என்று அடுத்து கேட்பீர்கள். மின்னணு டிரிகர் சுகமானது, என் கையில் இருப்பதும் அதுதான். ஆனால் பழுதானால் திருச்சியில் யார் பார்ப்பார்கள்? 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, சரிசெய்வதற்குள் நேரம் கரைந்து, 12-ஆம் இடத்தோடு வெளியேறினார். அதே ஆள் 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியது வேறு கதை. ஒலிம்பிக் அணிக்கே அந்தப் பாடு என்றால், பக்கத்தில் மெக்கானிக் இல்லாத நமக்கு இயந்திர டிரிகர் போதும்.

பழையது கிடைத்தாலும் தள்ளிவிடாதீர்கள். பேரல் தேய்வதே அரிது. ஆனால் குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் அந்தக் குழாய்க்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் என்று கணக்கு. தேதி கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்கமாட்டார்கள், காற்று அடைப்பதும் ஆபத்து. புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். காற்று கிளப்பில் அடைத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் கைப்பம்பு அடிக்கும் உத்தியோகம் உங்களுக்குத்தான் வரும், சார்.

மலைக்கோட்டைவாசி_இல்லாள்:

வணக்கம். இவ்வளவு நேரம் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் நானே வந்துவிட்டேன். எழுதுவது அவர் இல்லை, நான்தான்.

கண்ணாடி போட்டாயிற்று. முன் சைட்டின் மேல் விளிம்பைக் கத்தி முனை மாதிரி இப்போதுதான் பார்க்கிறேன். கிளப்பில் ஒரு கல்லூரி மாணவி தன் பழைய ஸ்டைரை எஸ் கிரிப்போடு சுடக் கொடுத்தாள். டிரிகரைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, சைட்டை அவள் வைத்திருந்த இடத்திலேயே விட்டுச் சுட்டேன். ஏழு மணிக் கூட்டம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அகலமாகிக் கறுப்பின் நடுப்பக்கம் நகர்ந்திருக்கிறது. எட்டும் ஒன்பதுமாக விழுகின்றன. எடையில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவர்தான் தராசு வைத்துப் பார்த்தார்.

அவள் மேல்படிப்புக்குப் போகிறாள், அந்தத் துப்பாக்கியையே விற்கிறாள். சிலிண்டர் ஒன்றுக்குத் தேதி முடிந்துவிட்டது, இன்னொன்றுக்கு நான்கு ஆண்டு இருக்கிறது. வாங்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஒரே சிக்கல்: பெருவிரலின் அடிச்சதைக்குக் கீழே கிரிப்பில் இன்னும் சிறு குழி விழுகிறது, விரல் உள்ளே போகும் அளவுக்கு இல்லை, காகிதம் மடித்து வைக்கலாம். இதை நிரப்பலாமா? நிரப்பினால் போட்டியில் ஆட்சேபம் வருமா?

மூன்றாம்_லேன்:

வாங்கிவிடுங்கள், தங்கையே. தேதி முடிந்த சிலிண்டரைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள். விற்பனைக் கடிதமும் அவளுடைய அசல் பில்லும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழியைத் தாராளமாக நிரப்பலாம். மரவேலைக்காரர்கள் பயன்படுத்தும் இரண்டு கலவை எபாக்சி மரப் பசை வாங்குங்கள். கிரிப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, குழி உள்ள இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பசையைக் கொஞ்சமாக அப்புங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, சுடும்போது எப்படிப் பிடிப்பீர்களோ அதே அழுத்தத்தில் பிடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இறுக்கிப் பிடித்தால் இறுக்கம்தான் அச்சாகும். இரவு முழுக்கக் காயட்டும். மறுநாள் மேடு தட்டும் இடத்தை மட்டும் தேய்த்து, வெறும் கையால் பிடித்துப் பாருங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். கொஞ்சம் தேய்ப்பது, சுட்டுப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது.

ஆட்சேபம் வராமலிருக்க மூன்றைக் கவனியுங்கள்: கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, கீழே உள்ள தாங்கு பலகை மேல்நோக்கி வளையக் கூடாது. நீங்கள் நிரப்பப்போவது உள்பக்கம், ஆகவே பயமில்லை. முடித்த பின் 50 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் ஒரு ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள், பசை பக்கவாட்டில் பிதுங்கும்.

மலைக்கோட்டைவாசி:

எபாக்சி வாங்கிவிட்டேன். கைப்பம்பும் நானே அடிக்க வேண்டுமாம்.