புல்மரம்: எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

சிட்னியிலிருந்து:

ராயல் தேசியப் பூங்காவின் மணற்பாறை மேடுகளில் நடப்பவர்களுக்குப் புல்மரம், அதாவது உச்சியில் புல் போன்ற இலைக்கொத்து உள்ள ஆஸ்திரேலியத் தாவரம், புதிதல்ல. ஆனால் பலரும் தண்டின் உயரத்தை வைத்தே இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். உயரத்தை நம்பாதீர்கள். தண்டு ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் வளரும்; நெட்டையாகும் இனமும் இளமையில் வெறும் புல்குத்தாகத்தான் நிற்கும்.

நான் முதலில் தேடுவது பூக்கதிரை. அடியில் பூ இல்லாத காம்பு எவ்வளவு நீளம், மேலே பூ நெருங்கிய கதிர் எவ்வளவு நீளம் என்று பார்ப்பேன். காம்பைவிடக் கதிர் நன்றாகக் குட்டையாக இருந்தால் சாந்தோரியா மீடியாவாக இருக்கலாம் (சாந்தோரியா என்பது புல்மரங்களின் பேரினப் பெயர்; இனிமேல் இனப் பெயரை மட்டும் சொல்கிறேன்). கதிர் நீண்டு, இலையும் அகன்று தட்டையாக இருந்தால் ஆர்போரியா. அப்புறம் லென்ஸை எடுத்துப் பூக்களுக்கு நடுவிலுள்ள சிறு செதில்களைப் பார்ப்பேன். அவற்றில் மயிர் அடர்ந்து கதிரே பழுப்பு வெல்வெட்டாகத் தெரிந்தால் ரெசினோசா. இந்த மூன்றும் சிட்னி வட்டாரத்தில் கிடைப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

காட்டுத்தீ போன இடங்களுக்கு அடுத்த பருவத்தில் கட்டாயம் போய்ப் பாருங்கள். புகையிலுள்ள எத்திலீன் பூப்பதைத் தூண்டுவதால் கதிர்கள் கூட்டமாகக் கிளம்பியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அடிலெய்டிலிருந்து:

கதிர் இல்லாத நாளில் எங்களுக்கு இலைதான் துணை. செடியிலிருந்து பிய்க்காமலே ஒரு இலையை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பேன். நான்கு விளிம்பும் தட்டுப்பட்டு எளிதாக உருண்டால் குவாட்ராங்குலாட்டா. பாறைச் சரிவுகளில் நிற்பது பெரும்பாலும் இதுதான். தட்டையாக இருந்து உருள மறுத்தால் செமிப்ளானா. இலை நுனியில் சோதிக்க வேண்டாம். நடுப்பகுதியில்தான் உண்மையான வடிவம் தெரியும்.

பெர்த்திலிருந்து:

இங்கே முதல் கேள்வியே வேறு: இது புல்மரம்தானா? கிங்கியா ஆஸ்ட்ராலிஸ் தூரத்தில் அப்படியே புல்மரமாகத் தெரியும், ஆனால் குடும்பமே வேறு. புல்மரத்தில் ஈட்டியாக நீண்ட கதிர் நிமிர்ந்து நிற்கும். கிங்கியாவில் உருண்டைத் தலை வைத்த குட்டைக் காம்புகள் பல, உச்சியிலுள்ள இலைக்கொண்டையைச் சுற்றி வட்டமாக வரும். இலையிலும் வெள்ளி நிறப் பட்டுமயிர் இருக்கும். இந்தப் பகுதியின் பழங்குடிகளான நூங்கார் மக்கள் பல்கா என்று அழைக்கும் ப்ரெய்சி என்ற புல்மர இனத்தைக் கிங்கியாவுக்குப் பக்கத்திலேயே பார்க்கும் இடங்கள் இங்கே உண்டு. அங்கே ஒருமுறை நின்று பார்த்துவிட்டால் பிறகு தடுமாற்றமே வராது.

ஒரு வேண்டுகோள். பாதை முகப்பில் பூட்ஸ் தேய்க்கும் பிரஷ் வைத்திருந்தால் தேய்க்காமல் உள்ளே போகாதீர்கள். பைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் நோய்க்கிருமி ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கும். அது தாக்கிய புல்மரம் பிழைப்பது அரிது.

சிட்னியிலிருந்து:

இரண்டும் அருமை. இனி படம் போடுபவர்கள் முழு மரத்தோடு நிறுத்தாமல், காம்பும் கதிரும் சேர்ந்து தெரிய ஒன்று, இலையின் நடுப்பகுதி அருகே அளவுகோல் வைத்து ஒன்று, கதிரை நெருங்கி ஒன்று எடுங்கள். மண் மணலா, பாறையா, சதுப்பா என்பதையும் எழுதுங்கள்.