அன்டகொனிஸ்டுக்கு ‘மறிப்பி’ என்றால் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

அன்டகொனிஸ்ட் (antagonist) என்பது உடலில் ஒரு வேதிப்பொருளின் வேலை நடக்கவிடாமல் தடுக்கும் மருந்து. அதற்குத் தமிழில் ‘பகைமருந்து’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அப்பத்தா படபடப்புக்குப் புரோப்ரனலால் சாப்பிடுகிறார். அவருக்கு இந்தச் சொல்லைப் போட்டு ஒரு விளக்கம் எழுதிப் படித்துக் காட்டினேன். கையில் எடுத்த மாத்திரையை டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, “பகைங்கிறதை எனக்கு ஏன்டா குடுக்குறே?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். அந்த மருந்து அட்ரினலினை அழிப்பதில்லை. அட்ரினலின் வந்து உட்கார வேண்டிய பீட்டா ஏற்பியில் (செல்லில் சேதியை வாங்கும் இருக்கை) முந்திக்கொண்டு உட்காருகிறது. வேகமாகத் துடிக்கச் சொல்லும் சேதி இதயத்துக்குப் போவது குறைகிறது, அவ்வளவுதான்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதே கதைதான். துண்டு ஊருக்குப் போகப் போவதில்லை. ஆனால் வேறு ஆள் உட்கார முடியாது. நாலு மணிக் காப்பியும் இதைத்தான் செய்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும். அதன் ஏற்பிகளில் காஃபீன் துண்டு போட்டுவிடுகிறது. அலுப்பு தீரவில்லை, தெரியாமல் இருக்கிறது. காஃபீனின் அரைவாழ்வு சுமார் 5 மணி நேரம் என்பதால், ஒன்பது மணிக்கும் பாதி ரத்தத்தில் இருக்கும்.

அதனால் முதலில் ‘இடம்பிடி’ என்றுதான் எழுதி வைத்தேன். மயக்க மருந்தான கெட்டமைனுக்கு வந்ததும் அது பொருந்தவில்லை. கெட்டமைன், மூளையில் சேதி கடத்தும் குளூட்டமேட்டின் இருக்கைக்கே போவதில்லை. அந்த ஏற்பியின் திறந்த அயனி வாய்க்காலுக்குள் (மின்னூட்டத் துகள்கள் போகும் வழி) புகுந்து வழியை அடைக்கிறது. ‘இடங்கொள்ளி’ என்றால் பூச்சிக்கொல்லி நினைவு வரும். ‘தடுப்பான்’ நொதிகள் பக்கம் போய்ப் பழகிவிட்டது.

சரி, ‘மறிப்பி’ என்று வைத்துக்கொள்ளலாமா? வழிமறிப்பதும் சாலை மறியலும் எல்லாருக்கும் தெரியும். இருக்கையில் உட்கார்ந்தாலும் வாய்க்காலை அடைத்தாலும் மறிப்புதான். ‘ஏற்பி’, ‘இயக்கி’ (ஏற்பியை வேலை செய்ய வைக்கும் அகொனிஸ்ட்) இரண்டோடும் ஓசை சேர்கிறது. பீட்டா மறிப்பி, ஓபியாய்டு மறிப்பி என்று தடையில்லாமல் வருகிறது. ஓபியாய்டு வகை வலிமருந்தான மார்ஃபீன் மிகுந்து மூச்சு அடங்கும்போது போடும் நாலாக்சோன் இந்த இரண்டாவது வகை.

அப்பத்தாவிடம் மறுபடி சொல்லிப் பார்த்தேன். “எதை மறிக்குது?” என்று கேட்டார். விளக்கினேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அப்புறம், பியூப்ரநார்ஃபீன் என்ற வலிமருந்து போல ஏற்பியைப் பாதி மட்டும் இயக்குவதற்கு ‘குறை இயக்கி’ சரிவருமா? ‘குறை’ என்றதும் பழுது என்று படுமோ என எனக்குத் தயக்கம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.