மறு: காரின் புஷ் – மீளுறை, சுழலுறை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மாருதி 800-இன் முன்சக்கரப் பகுதியைப் பழுதுபார்ப்பதற்கான தமிழ்க் கையேட்டில், சக்கரத்தைப் பிடிக்கும் கரம் காரின் உடலோடு சேரும் இடத்தில் துளைக்குள் இருக்கும் வளையமான 'புஷ்' என்பதை எப்படி எழுதுவது என்ற இழையில் இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பூண், ரப்பர் தாங்கி, அதிர்வடக்கி, நெகிழுறை என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எதுவும் வேண்டாம், புஷ் என்றே இருக்கட்டும் என்று மூத்த நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குத்தான் முதல் மறுமொழி.

ஐயா, பட்டறையில் அந்தச் சொல் நன்றாகவே வாழ்கிறது. அதை அங்கிருந்து யாரும் விரட்ட வேண்டியதில்லை. சிக்கல் எழுத்தில்தான். அழுத்துவதற்கான ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் 'புஷ்'தான். அம்பாசிடர் எஞ்சினில் புஷ்ராடு என்று வேறோர் உறுப்பு உண்டு. பேச்சில் ஒலி பிரித்துக் காட்டிவிடும். தாளில் அது முடியாது. இதையாவது சூழலை வைத்துச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் போடுவது பற்றிய அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அது எனக்குத் தெளிவாகப் பட்டது. ரப்பர் புஷ்ஷும் பாலியூரித்தேன் புஷ்ஷும் ஒரே பொருளின் இரண்டு வகைகள் அல்ல. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லாத எந்தச் சொல்லும், கையேட்டைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுப்பவருக்குத் துணை நிற்காது.

ரப்பர் புஷ்ஷின் அமைப்பைப் பாருங்கள். நடுவில் ஓர் இரும்புக் குழாய். அதைச் சுற்றி ரப்பர். பல கார்களில் ரப்பருக்கு வெளியேயும் ஓர் இரும்புக் கூடு. ரப்பர் உள்குழாயோடு வேதிமுறையில் ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் காரின் உடலோடு அசையாமல் நின்றுவிடுகிறது. சக்கரம் மேடு ஏறும்போது கரம் மேலே போகிறது, அதோடு சேர்ந்து புஷ்ஷின் வெளிப்பக்கம் திரும்புகிறது, நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் இறங்கும்போது முறுக்கு அவிழ்கிறது. இதில் எதுவும் எதன்மீதும் வழுக்குவதில்லை. அதனால்தான் இதற்கு கிரீஸும் இல்லை, சத்தமும் இல்லை. பிரெஞ்சில் சிலான்ப்ளோக் என்றும், ரஷ்ய மொழியில் சைலென்ட்ப்லோக் என்றும், ஜெர்மனில் சைலன்ட்லாகர் என்றும் இதை அழைக்கிறார்கள். வணிகப் பெயராகத் தொடங்கிப் பொதுப்பெயரான சொல் அது. 'ஓசையற்ற கட்டை' என்பதுபோல் பொருள். ஓசையில்லாமல் இருப்பதற்குக் காரணமே உராய்வில்லாமல் முறுக்கிக்கொள்வதுதான்.

பாலியூரித்தேன் அப்படி இல்லை. 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த இந்த வேதிப்பொருளைக் கடினமாகவும் வார்க்கலாம், பஞ்சு போலவும் நுரைக்கலாம். காருக்கான புஷ்களை, ரப்பர் போன்றவற்றின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 80 முதல் 95 வரையான கடினத்தில் வார்க்கிறார்கள். காரோடு வரும் ரப்பர் பெரும்பாலும் 50 முதல் 70 வரை இருக்கும். பாலியூரித்தேன் புஷ் வழக்கமாக இரண்டு பாதிகளாக வரும். இரண்டு பக்கமிருந்தும் துளைக்குள் தள்ளி, நடுவில் தனியாக ஓர் இரும்புக் குழாயைச் செருக வேண்டும். குழாயோடு அது ஒட்டப்படுவதில்லை. கரம் ஏறி இறங்கும்போது குழாயின்மீது பாலியூரித்தேன் திரும்புகிறது, அதாவது வழுக்குகிறது. அங்கே சிலிக்கோன் கிரீஸ் வேண்டும். கிரீஸ் கழுவப்பட்டுவிட்டால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் கிறீச்சிடும்.

இந்த வேறுபாடு நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கார் ஜாக்கியில் தொங்கும்போதே முழுவதும் இறுக்கிவிட்டால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுகொண்டிருக்கும். ஓடும்போது அதற்கு மேலும் முறுக்கு ஏறும். புதிய புஷ் சீக்கிரமே கிழிந்துபோவதற்கு இது பெரிய காரணம். எனவே சக்கரங்கள் தரையில் நின்று, காரின் எடை முழுதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் தர வேண்டும். பாலியூரித்தேனுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. குழாயின்மீது அது திரும்பிக்கொள்வதால் எந்த உயரத்திலும் இறுக்கலாம். ஆனால் ரப்பருக்குத் தேவைப்படாத கிரீஸ் இதற்குத் தேவை. இரண்டையும் 'புஷ்' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் ஒன்றுக்கு உரிய விதியை மற்றதற்குச் செய்துவிடுவார்கள்.

இனி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

பூண் அழகான சொல். ஆனால் உலக்கைப் பூண் உலக்கைக்கு வெளியே இருந்து அதை இறுக்கிப் பிடிக்கிறது. நம் உறுப்பு துளைக்குள்ளே இருப்பது. இடமே மாறிவிடுவதால் இதை ஏற்க முடியவில்லை.

'ரப்பர் தாங்கி' என்று எழுதிய நண்பர் ஜெர்மன் வழக்கைப் பின்பற்றியிருக்கிறார் என்று நினைக்கிறேன்; அங்கே லாகர் என்றால் தாங்கி. பேரிங்குக்குத் தாங்கி என்பது நம்மிடையே நிலைபெற்றுவிட்டது, அதோடு இது மோதும். அதைவிட முக்கியமானது, 800-இன் முன்புறத்தில் கீழ்க்கர புஷ் காரின் எடையைத் தாங்குவதில்லை. அங்கே இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். எடை ஸ்பிரிங் வழியாக ஸ்ட்ரட்டின் மேல்முனைக்குப் போய்விடுகிறது. கீழ்க்கரம் ஏற்பது பக்கவாட்டு விசையையும் பிரேக் பிடிக்கும்போது வரும் இழுப்பையும்தான். எடை தாங்காததைத் தாங்கி என்று சொன்னால், கார் நிமிர்ந்து நிற்கிறது, அதனால் புஷ் நன்றாகவே இருக்கிறது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

அதிர்வடக்கி என்ற சொல் எனக்குக் கவலை தருகிறது. அதிர்வை அடக்கும் வேலைக்கு ஷாக் அப்சார்பர் இருக்கிறது. புஷ் அதிர்வைக் குறைப்பது உண்மைதான், ஆனால் அதன் முதல் வேலை சக்கரத்தை உரிய இடத்தில் வைத்திருப்பது. 1983-இல் வந்த இரண்டாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃபின் பின் அச்சு இதற்கு நல்ல சான்று. வளைவில் வரும் பக்கவிசையால் பின்சக்கரங்கள் தவறான பக்கம் திரும்பிவிடாதபடி அந்த அச்சின் புஷ்களுக்கு வடிவம் கொடுத்தார்கள். வண்டியின் திசையைக் காக்கும் உறுப்பை அதிர்வடக்கி என்றால் அதன் பாதி வேலை மறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டு 800-இல் புஷ் தேய்ந்ததை நாங்கள் கண்டுபிடித்ததும் அதிர்வால் அல்ல. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது, முன் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிக்கொண்டு வந்தது. லேத் பட்டறையில் அந்தக் கரத்தைப் பிரஸ்ஸில் வைப்பதற்கு முன் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்குழாய் துளையின் மையத்தில் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஸ்குரூ டிரைவரின் முனையை இடையில் விட்டால் மறுபுறம் எட்டிப் பார்த்தது. அழுத்தி எடுத்த பிறகு பார்த்தால், குழாயின் ஒரு பாதியில் ரப்பர் முழுவதும் விட்டுப்போய் அங்கே துரு படிந்திருந்தது. மறுபாதியில் ஒட்டு அப்படியே இருந்தது. கத்தியால் சீவினாலும் அது எளிதில் வரவில்லை. அந்தப் பாதியைத் தொட்டுப் பார்த்தால் போதும், இந்த உறுப்பின் உயிரே ஒட்டில்தான் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

நெகிழுறை என்று எழுதிய தங்கைக்கு என் நன்றி. நான்கில் மெய்ப்பொருளுக்கு மிக அருகில் வந்தது அதுதான். 'உறை' என்ற அடியை அவரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறேன். முன்னொட்டுதான் இடிக்கிறது. பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்பது அரசாணை முதல் கடைப் பலகை வரை பரவிவிட்டது. நெகிழுறை என்று படிக்கிறவருக்குக் காய்கறிப் பைதான் நினைவுக்கு வரும்.

உறை என்றால் வெளியே போர்த்துவதுதானே, துளைக்குள் இருப்பதை எப்படி உறை என்பது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கிணற்றுக்கு உறை இறக்குகிறோம் அல்லவா? தோண்டிய குழியின் உள்சுவரை ஒட்டி நின்று, குழி சரியாமல் காக்கும் வளையத்துக்குத் தமிழில் உறை என்றுதான் பெயர். கீழடியில் கிடைத்தது சுடுமண் உறை, இன்று இறக்குவது சிமெண்ட் உறை. துளைக்கு உள்ளிருந்து துளையைக் காக்கும் வளையத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடிச்சொல்லை என்னால் காண முடியவில்லை. ஆங்கிலத்தில் புஷ் என்ற சொல்லும் வண்டிச் சக்கரக் குடத்தின் உட்பக்க வளையத்தைக் குறித்த டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு இது. முறுக்கிக்கொண்டு தானாக மீளும் ஒட்டு ரப்பர் புஷ்ஷுக்கு 'மீளுறை'. உள்ளே குழாயோ தண்டோ சுழல இடம் தரும் புஷ்ஷுக்கு 'சுழலுறை'. பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் சுழலுறையே. ஸ்டார்ட்டர் மோட்டாரில் இருக்கும் வெண்கல புஷ்ஷும் சுழலுறைதான். பொருள் எதுவானாலும் வேலை ஒன்று என்பதால் சொல்லும் ஒன்றாகிறது, இதை நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன். பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் வெண்கலச் சுழலுறை, பாலியூரித்தேன் சுழலுறை என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். பாலியூரித்தேனைத் தமிழாக்க நான் முயலவில்லை. வேதிப்பெயர்கள் உலகெங்கும் ஒன்றுபோல் வழங்குவது நல்லது.

சுழலுறையில் உறை சுழல்வதில்லையே என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். ஆடுகளம் ஆடுவதில்லை, அதில் ஆடுகிறார்கள். வினைத்தொகை இடப்பொருளையும் தரும். சுழற்சி நிகழும் உறை சுழலுறை.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'கீழ்க்கரத்தின் மீளுறை ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.' 'கார் தன் எடையில் நின்ற பிறகே மீளுறையின் போல்ட்டை இறுக்கவும்.' 'சுழலுறையின் உட்புறம் முழுவதும் சிலிக்கோன் கிரீஸ் தடவவும்.' மூன்றும் தட்டாமல் வருகின்றன. 'மீளும்' என்ற சொல்லே ஓய்வுநிலை ஒன்று உண்டு என்பதை நினைவூட்டிவிடுகிறது.

கையேட்டின் பாலியூரித்தேன் அத்தியாயத்தில் எந்த இடத்தில் எது என்பதையும் இச்சொற்களாலேயே எழுதிப் பார்த்தேன். வளைவில் கார் அதிகம் சாயாமல் காக்கும் நிலைப்புத் தண்டை (ஸ்டெபிலைசர் பார்) 800-இல் நடுவில் பட்டை போட்டுப் பிடிக்கும் இடங்களில் தண்டு தன் அச்சில் திரும்புவது மட்டுமே நடக்கிறது. அங்கே சுழலுறை தாராளமாகப் போடலாம். கீழ்க்கரத்தின் உள்முனையிலும் போடலாம். ஸ்டியரிங் கூர்மையாகும், சாலையின் கரடு சற்றுக் கூடுதலாக உடலில் தெரியும். ஆனால் தண்டின் நுனி கரத்தைத் துளைத்து வெளியே வரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று எழுத வேண்டும். இந்தக் காரில் கரம் முன்பின்னாக நகராமல் பிடிப்பதும் அந்தத் தண்டுதான். கரம் ஒரு வட்டப் பாதையில் ஏறுகிறது, தண்டின் நுனி வேறொரு வட்டப் பாதையில் ஏறுகிறது. இரண்டுக்கும் இடையில் வரும் கோணக் கோட்டத்தை அந்த ரப்பர் வளையங்களே நசுங்கி ஏற்கின்றன. கடினமான பாலியூரித்தேன் அப்படி நசுங்காது. கோட்டம் தண்டின் மரை வெட்டிய பகுதியை வளைக்கத் தொடங்கும். டாட்சன் 240இசட் காரில் இதேபோன்ற இழுதண்டின் இருபுறமும் பாலியூரித்தேன் போட்டுத் தண்டு முறிந்த அனுபவம் உண்டு. ஒரு பக்கமாவது ரப்பரை விட்டு வையுங்கள் என்பது அந்தக் கார் வைத்திருப்பவர்களிடையே நெடுநாளாக வழங்கும் அறிவுரை. எனவே 800-இல் அந்த நுனியை ரப்பரிலேயே விட்டுவிட வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன்.

மழையும் ஈரமும் மிகுந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பும் சேர்த்தேன். எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் நீராற்பகுப்பில், அதாவது நீரோடு வினைபுரிந்து, சிதைந்து மாவாகும். ஈதர் வகை தாக்குப்பிடிக்கும். தொழிற்பொருள் கடையில் தடி வாங்கி லேத்தில் கடைந்து போடுகிறவர்கள் எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் எனக்குத் தெளிவில்லை. ரப்பருக்குள் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டு, ஒரு திசையில் மென்மையாகவும் மற்றத் திசையில் விறைப்பாகவும் செய்யும் புஷ்களுக்கு 'இடைவெளி மீளுறை' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். அது புஷ் தேய்ந்து விழுந்த இடைவெளி என்று தோன்றிவிடுமோ என்று ஐயமாக இருக்கிறது. 'கண் மீளுறை' சரியாக வருமா? அடுத்தது, தண்டின் நுனியில் வரும் அந்த ரப்பர் வளையங்கள். அவை முறுக்கிக்கொள்வதும் இல்லை, சுழல்வதும் இல்லை, நசுங்குகின்றன. அவற்றை உறை என்பதே பொருந்துமா, அணைவளையம் என்று பிரித்துவிடலாமா? பட்டறையில் இருக்கும் நண்பர்களும் மொழிபெயர்ப்பில் இருக்கும் நண்பர்களும் இந்த இரண்டைப் பற்றி எழுதுங்கள். பால் ஜாயிண்டுக்கு வந்த சொற்களைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.