கண்ணாடி டிஸ்டில் செட்டில் வடியும் தண்ணீர் சில்வர் நைட்ரேட்டில் வெள்ளையாகக் கலங்குகிறது – உதவி தேவை

ஆய்வக_மேசை

பள்ளி ஆய்வகத்துக்கு வேண்டிய டிஸ்டில்டு வாட்டரை ஒரு சின்னக் கண்ணாடி செட்டில் காய்ச்சி எடுக்கிறோம். 1 லிட்டர் வட்ட அடிக் குடுவை, பி24 கழுத்து (24 மி.மீ. அளவுத் தேய்த்த கண்ணாடி இணைப்பு). 350 வாட்ஸ் ஹீட்டிங் மேன்டில் (குடுவையைச் சுற்றி அணைக்கும் மின் அடுப்பு). குடுவை மேல் நேராக வளைவுக் குழாய், பிறகு 30 செ.மீ. லீபிக் கண்டென்சர் (சுற்றிலும் குளிர்நீர் ஓடி ஆவியைக் குளிர்விக்கும் குழாய்), முனையில் அடாப்டர், கீழே கூம்புக் குடுவை. குளிர்நீர் 20 லிட்டர் வாளியிலிருந்து மீன்தொட்டி பம்பில் சுற்றி மறுபடி வாளிக்கே வருகிறது. காய்ச்சுவதும் வாளியில் ஊற்றுவதும் போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (கரைந்த உப்பளவு) 1400 பிபிஎம். குடுவையில் 850 மி.லி. ஊற்றி, மேன்டிலை முழு வேகத்தில் வைக்கிறோம்.

சிக்கல்கள்:

1. வடிந்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் கரைசல் தயாரித்தால் உடனே வெள்ளைக் கலங்கல் (குளோரைடு இருப்பதன் அடையாளம்). சால்ட் அனாலிசிஸில் (கொடுத்த உப்பு எது என்று கண்டறியும் சோதனை) எல்லா உப்பும் குளோரைடு என்றே காட்டுகிறது.
2. பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் 18 பிபிஎம் காட்டுகிறது.
3. கொதிக்கும்போது குடுவை தடக் தடக்கென்று குலுங்குகிறது.
4. பாதிக்கு மேல் வடிந்த பிறகு அடாப்டர் முனையில் ஆவி கிளம்புகிறது. ஆவி வீணாகாமல் இருக்க, கூம்புக் குடுவையின் வாயை ரப்பர் கார்க்கால் இறுக்கி அடைக்கலாமா?

---

சொட்டுக்கணக்கு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. காய்ச்சும் அமைப்பில் ஏதாவது ஓர் இடம் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, வளைவுக் குழாய் தெறிக்கும், இல்லையென்றால் குடுவையே உடையும். மேன்டில் மேல் கொதிநீர் கொட்டினால் ஷாக்கும் அடிக்கும். தூசு விழக்கூடாது என்றால் குடுவை வாயில் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள், போதும்.

இனி குளோரைடு. சாப்பாட்டு உப்பு 100 டிகிரியில் ஆவியாகாது. ஆகவே வடிநீரில் குளோரைடு இருக்கிறது என்றால், ஆவியாகாத தண்ணீர் எங்கோ திரவமாகவே உள்ளே வந்திருக்கிறது. வரக்கூடிய வழி இரண்டுதான். குடுவையில் கொதிக்கும் தண்ணீரின் நுண்துளிகள் ஆவியோடு அடித்துக்கொண்டு போவது ஒன்று. கண்டென்சரின் குளிர்நீர் வடிநீரில் கலப்பது இன்னொன்று. உங்கள் வாளியிலும் அதே போர் தண்ணீர் என்பதால் இரண்டும் ஒரே மாதிரிதான் காட்டும்.

அளவைப் பாருங்கள்: 1400-க்கு 18 என்றால் சுமார் 1.3 சதவீதம். 100 மி.லி. வடிநீரில் ஒன்றேகால் மி.லி. போர் தண்ணீர் கலந்தாலே இந்த எண் வந்துவிடும். இருபத்தைந்து சொட்டு சமாச்சாரம்.

அதற்கு முன் சோதனையைச் சரியாகச் செய்யுங்கள். வடிநீரிலேயே மூன்று முறை அலசிய சோதனைக் குழாயில் 10 மி.லி. வடிநீர், 1 மி.லி. நீர்த்த நைட்ரிக் அமிலம் (2 மோலார்), பிறகு 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் நாலு சொட்டு. கறுப்புத் தாளை வைத்து 15 நிமிடம் பாருங்கள். இந்த சில்வர் நைட்ரேட்டைக் கடையில் வாங்கிய நல்ல டிஸ்டில்டு வாட்டரில் தயாரிக்க வேண்டும், உங்கள் வடிநீரில் அல்ல. அமிலம் ஊற்றாவிட்டால் கார்பனேட்டும் வெண்மையாகப் படிந்து குழப்பும். குழாய் வாயை விரலால் மூடிக் குலுக்கக் கூடாது, வியர்வையிலும் குளோரைடு உண்டு.

---

பி24

850 மி.லி. ரொம்ப அதிகம் சார். 1 லிட்டர் குடுவையில் பாதிக்கு மேல் போகாதீங்க. குமிழி உடையுற இடத்துக்கும் குடுவைக் கழுத்துக்கும் இடைவெளி இருந்தாத்தான் தெறிக்கிற துளி திரும்பக் கீழே விழும். உங்க செட்டில் துளி எகிறினா நேரா வளைவுக் குழாய், அப்படியே கண்டென்சர்.

நடுவுல ஸ்பிளாஷ் ஹெட் போடணும். கெல்டால் நைட்ரஜன் எடுக்கிற செட்டில் குமிழ் மாதிரி ஒண்ணு இருக்குமே, அதுதான். ஆவி குமிழுக்குள்ளே திசை மாறித்தான் வெளியே போகும், கனமான துளி சுவரில் மோதிக் குடுவைக்கே வடிஞ்சிடும். பி24 ஜாயிண்டோட ரெடியா கிடைக்கும். கிடைக்கலேன்னா 20 செ.மீ. விக்ரோ காலம் (உள்ளே முள்ளு முள்ளா கண்ணாடி நீட்டிக்கிட்டிருக்கிற குழாய்) செங்குத்தா வச்சாலும் வேலை நடக்கும். அதுக்கு வெளியே அலுமினியத் தாள் சுத்துங்க, இல்லேன்னா ஆவி அங்கேயே குளிர்ந்து திரும்பிடும், வடியிற வேகம் குறையும்.

குலுங்குறதுக்கு மெருகிடாத பீங்கான் துண்டு நாலஞ்சு போடுங்க. ஆறின தண்ணியில போடணும், ஞாபகம் வச்சுக்கோங்க. சூடான தண்ணியில போட்டா மொத்தமும் பொங்கி மேலே வரும். ஒரு தடவை காய்ச்சி ஆறினதும் அந்தத் துண்டோட நுண்துளையில தண்ணி புகுந்திடும், அடுத்த தடவை அது சும்மா கிடக்கும். புதுசு போடுங்க, இல்லே எடுத்து உலர்த்திப் போடுங்க. கொதி வந்ததும் மேன்டில் ரெகுலேட்டரைக் குறைங்க. கண்டென்சர் முனையில சொட்டுச் சொட்டா எண்ணுற மாதிரி விழணும், கம்பியா ஒழுகக் கூடாது.

ஜாயிண்டுல சிலிக்கோன் கிரீஸ் அப்புற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. டெஃப்ளான் ஸ்லீவ் போட்டா போதும்.

---

சொட்டுக்கணக்கு

பி24 சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வழி என்று பிரித்துப் பார்க்க, மேன்டிலைப் போடாமல் குளிர்நீரை மட்டும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அடாப்டர் முனைக்குக் கீழே உலர்ந்த வடிதாள் ஒன்று. கண்டென்சரின் அடித்தண்டைச் சுற்றி இன்னொரு வடிதாள் துண்டு. முதல் தாள் மட்டும் நனைந்தால் உட்குழாயில் விரிசல், கண்டென்சரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. தண்டைச் சுற்றியது நனைந்தால் மேல் ஹோஸ் இணைப்பு கசிந்து, வெளிச்சுவரோடு இறங்கிக் குடுவைக்குள் விழுகிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. கண்ணாடியே ஈரமாக மினுங்குவதால் யாரும் கவனிப்பதில்லை.

---

மின்மினி

வாளியில் நீல மை ஊற்றிப் பார்த்தால் சுலபமாகத் தெரியாதா? இன்னொன்று, ஏசியில் சொட்டும் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டர்தானே, இவ்வளவு சிரமம் எதற்கு?

---

சொட்டுக்கணக்கு

மை ஒரு சதவீதம் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாளி கன்னங்கரேலென்று ஆகும் அளவு ஊற்றினால்தான் தெரியும், பிறகு பம்பையும் ஹோஸையும் கழுவுவது உங்கள் பாடு. வடிதாளே போதும்.

ஏசித் தண்ணீர் ஆவி குளிர்ந்து வந்தது என்பது சரி. ஆனால் அது அலுமினியத் தகட்டிலும் செப்புக் குழாயிலும் வழிந்து, தூசும் பாசியும் படிந்த தட்டில் தேங்கி வருகிறது. அறையில் உள்ள வாயுக்களும் அதில் கரைந்திருக்கும். தரை துடைக்கலாம். பியூரெட்டில் ஊற்ற வேண்டாம்.

---

ஆய்வக_மேசை

வடிதாள் சோதனை செய்தாச்சு. அடாப்டர் முனைத் தாள் உலர்ந்தே இருந்தது. தண்டைச் சுற்றிய தாள் நனைந்துவிட்டது. மேல் ஹோஸ் கிளிப் இல்லாமல் சும்மா செருகியிருந்தது. இப்போது கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறோம். ஸ்பிளாஷ் ஹெட் வாங்கி மாட்டி, 500 மி.லி. மட்டும் ஊற்றிக் காய்ச்சினால் சில்வர் நைட்ரேட் சோதனை தெளிவாக இருக்கிறது.

ஆனால் டிடிஎஸ் மீட்டர் இன்னும் 3, 4 காட்டுகிறது. பக்கத்துக் கல்லூரியில் கண்டக்டிவிட்டி மீட்டரில் வைத்துப் பார்த்ததில் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 7 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்தும் அளவு). குளோரைடே இல்லை என்றால் இது எங்கிருந்து வருகிறது?

---

குவார்ட்ஸ்

இது உப்பு இல்லை, வாயு. உங்கள் போர் தண்ணீர் கடினநீராக இருக்கும், குடுவை அடியில் வெள்ளைப் படிவு படிகிறதா பாருங்கள். கொதிக்கும்போது பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட் படிவாகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ஆவியோடு சேர்ந்து வடிநீரில் கரைகிறது. எவ்வளவு நல்ல ஸ்பிளாஷ் ஹெட் போட்டாலும் வாயுவைப் பிடிக்காது.

உறுதிசெய்ய எளிய வழி: வடிநீரில் புரோமோதைமால் புளூ நிறங்காட்டி இரண்டு சொட்டு. மஞ்சள் என்றால் அமிலப் பக்கம், கார்பன் டை ஆக்சைடு. நீலம் என்றால் அமோனியா. சாக்கடைக் கசிவு உள்ள கிணறுகளில் அப்படி வரும். மஞ்சள் வந்தால், 100 மி.லி. வடிநீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வாட்ச் கிளாஸால் மூடி ஆறவைத்து மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கினால் சந்தேகமே இல்லை.

தரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வக நீருக்கான ஐஎஸ்ஓ 3696 தரப்படி மூன்றாம் தர நீருக்கு 25 டிகிரியில் 5 மைக்ரோசீமென்ஸ் வரை அனுமதி, பிஎச் 5.0 முதல் 7.5 வரை. பேனா மீட்டர் பொதுவாகக் கண்டக்டிவிட்டியைப் பாதியாக்கித்தான் பிபிஎம் காட்டும். 5 மைக்ரோசீமென்ஸ் அதில் இரண்டரை. ஒவ்வோர் எண்ணாகத் தாவும் மீட்டரில் நல்ல தண்ணீருக்கும் கெட்ட தண்ணீருக்கும் உள்ள வித்தியாசமே 0, 1, 2, 3-க்குள் அடங்கிவிடுகிறது. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். உப்பு கலந்திருக்கிறதா, வாயு கரைந்திருக்கிறதா என்பதை எந்த மீட்டரும் சொல்லாது.

சரிசெய்ய: குடுவையை ஸ்பிளாஷ் ஹெட்டோடு இணைக்காமல் திறந்தபடி 10, 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மேன்டிலை அணைத்து, கொதி அடங்கியபின் புதுப் பீங்கான் துண்டு போட வேண்டியிருந்தால் நன்றாக ஆறவிட்டுப் போட்டு, இணைத்துக் காய்ச்சுங்கள். முதலில் வரும் 50 மி.லி. கீழே போகட்டும். குடுவையில் கால்பங்கு மிஞ்சும்போது நிறுத்துங்கள். 500-க்கு அதிகபட்சம் 325 மி.லி. கைக்கு வரும். அடிவரை வற்றவிட்டால் உப்பு செறிந்து நுரைக்கும், துளி எகிறும். வெற்றுக் கண்ணாடி சூடேறி விரிசலும் விடலாம்.

இவ்வளவும் அவசியமா என்றால், சால்ட் அனாலிசிஸுக்கும் பெர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கும் கார்பன் டை ஆக்சைடு ஒன்றும் செய்யாது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரிக்கும்போது மட்டும் கொதிக்கவைத்து ஆறிய வடிநீரைப் பயன்படுத்துங்கள். காற்றுப் பட்டாலே சுத்தமான தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து 1 மைக்ரோசீமென்ஸ் பக்கம் வந்துவிடும், அதற்குக் கீழே இறக்கப் பள்ளியில் தேவையில்லை.

---

பி24

நாலாவது சிக்கலோட காரணத்தை யாரும் தொடலை. ஆவி கிளம்புறதுக்கு வாளிதான் காரணம். 1 லிட்டர் வடிஞ்சு ஆறினா சுமார் 2500 கிலோஜூல் சூடு குளிர்நீருக்குப் போகுது. 20 லிட்டர் வாளின்னா 30 டிகிரி ஏறும். நீங்க 700 மி.லி. எடுத்திருந்தா 20 டிகிரிக்கு மேல ஏறியிருக்கும், அதாவது 30-ல் ஆரம்பிச்சது 50 தாண்டியிருக்கும். 30 செ.மீ. கண்டென்சர் அதுல திணறத்தான் செய்யும். இப்போ 500 மி.லி. மட்டும் காய்ச்சுறதால ஏற்றம் 11, 12 டிகிரியோட நிக்கும். அடுத்தடுத்து ரெண்டு தடவை காய்ச்சணும்னா 50 லிட்டர் டிரம் வச்சுக்கோங்க, இல்லேன்னா நடுவுல வாளித் தண்ணியை மாத்துங்க.

குளிர்நீர் கண்டென்சரோட கீழ் முனையில உள்ளே போய் மேல் முனையில வெளியே வருதா பாருங்க. மாத்திக் கொடுத்தா ஜாக்கெட் (குளிர்நீர் ஓடுற வெளிக்குழாய்) நிறையாது, மேல்பாதி காத்தா நிக்கும். வேகத்தைப் பொறுத்தவரை, 350 வாட்ஸுக்கு மணிக்கு 300லேர்ந்து 400 மி.லி.க்கு மேல எதிர்பார்க்காதீங்க.

---

ஆய்வக_மேசை

புரோமோதைமால் புளூ மஞ்சள்தான். கொதிக்கவைத்து ஆறியபின் 2 மைக்ரோசீமென்ஸ். நன்றி சார்.

குடுவை அடியில் வெள்ளைப் படிவு கெட்டியாக இருக்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா? வடிநீரை எதில் சேமிப்பது?

---

குவார்ட்ஸ்

கம்பி பிரஷ் வேண்டாம். கீறல் விழுந்த போரோசிலிகேட் கண்ணாடி அடுத்த சூட்டில் அந்த இடத்திலேயே விரிசல் விடலாம். 500 மி.லி. தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெதுவெதுப்பாக ஒரு மணி நேரம் வையுங்கள். நுரைத்துக் கரைந்தால் கார்பனேட். நுரைக்காமல் அப்படியே நின்றால் கால்சியம் சல்பேட். அதை அமிலம் சீக்கிரம் தொடாது. 10 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலில் சூடாக்கி ஓர் இரவு ஊறவிட்டால் மேல்பரப்பு கார்பனேட்டாக மாறும். ஊற்றிவிட்டு, அலசி, பிறகு சிட்ரிக் அமிலம். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் பொங்குவதுதான் மிச்சம்.

சேமிக்க மூடியுள்ள போரோசிலிகேட் பாட்டில் அல்லது எச்டிபிஇ பிளாஸ்டிக் கேன். சாதாரண சோடா கண்ணாடி பாட்டிலில் வைத்தால் சோடியம் மெல்லக் கரையும். கண்ணாடி தண்ணீரில் கரையும் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1770 வாக்கிலேயே காட்டிவிட்டார்: ஆவி குளிர்ந்து திரும்பக் கீழேயே இறங்கும் மூடிய பெலிகன் கண்ணாடிப் பாத்திரத்தில் 101 நாள் தண்ணீரைக் காய்ச்சி, சேர்ந்த வண்டல் பாத்திரத்தின் எடைக் குறைவிலிருந்து வந்தது என்று எடைபோட்டுச் சொன்னவர். உங்கள் போரோசிலிகேட்டில் அது மிகக் குறைவு, ஆனாலும் புதுக் குடுவை வாங்கினால் முதலில் வடிப்பதை அலசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அணைக்கும்போது மேன்டில் முதலில், சொட்டு நின்று பத்து நிமிடம் கழித்துப் பம்பு.