ஏற்காட்டில் நேரலை பார்க்கக் கைப்பேசி ஒன்றே போதுமா?

நாகலூர் காப்பித்தோட்டம்:
எங்கள் வீட்டு டிஷ்ஷுக்கான ரீசார்ஜ் அடுத்த வாரம் முடிகிறது. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகன், செய்தியும் கிரிக்கெட்டும் கைப்பேசியிலேயே நேரலையாக வருவதால் இனி இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்கிறான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதால், சமையலறையின் கிழக்கு ஜன்னலில் மட்டும்தான் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். ஜன்னல் கட்டையில் மிளகு டப்பாவின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தால் படம் ஓடும். கையில் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் இரண்டடி வந்தால் படம் நின்று நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். மே மாதக் கோடை விழாவுக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் அடைத்துக்கொண்டு ஏறும் நாட்களில், அந்த இரண்டு கோடும் பெயருக்குத்தான் நிற்கும், படம் வராது. என் தாயாருக்கு 78 வயது. திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துத்தான் அவர் செய்தி தெரிந்துகொள்வார். கையகலத் திரையில் அவர் எதைப் படிப்பார்?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
ஐயா, உங்கள் வீட்டுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் தொலைக்காட்சி என்றாலே கூடமும் குடும்பமும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எங்கள் கொலுசுப் பட்டறையில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். பட்டறையில் டிவி இல்லை, வைக்க இடமும் இல்லை. வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாடகை அறைக்காரர்கள். வருடம் ஒரு முறை அறை மாறுகிறவர்கள் எந்தச் சுவரில் டிஷ் மாட்டுவார்கள்?

2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்த டெஸ்ட் போட்டியில், நம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் முறையாக வெள்ளைச் சீருடையில் பந்து வீசினார். இங்கே அப்போது விடியற்காலை. நாங்கள் எட்டுப் பேரும் கொலுசு வளையங்களைப் பற்றவைத்துக்கொண்டே, தராசுப் பெட்டியில் சாய்த்து வைத்த ஒரே கைப்பேசியில் அதைப் பார்த்தோம். முதல் இன்னிங்சில் அவர் 3 விக்கெட் எடுத்தார். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுத் தலை தூக்கினோம். கைப்பேசி இல்லாவிட்டால், நம் மாவட்டத்துப் பிள்ளை அங்கே பந்து வீசியதை இரவுச் செய்தியில்தான் பார்த்திருப்போம்.

சூரமங்கலம் நெட்வொர்க்:
கணினி வலையமைப்பு வேலையில் இருப்பவன் என்பதால் இரண்டு பேருக்கும் சில விவரங்கள் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் ஒளிபரப்பை ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் செயற்கைக்கோளுக்குச் சுமை ஒன்றுதான். கைப்பேசி நேரலை அப்படியன்று. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு வீடியோ ஓட்டம் வந்து சேர வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதே ஆட்டத்தைப் பார்த்தாலும், டவர் இரண்டு முறை அனுப்பித்தான் ஆக வேண்டும். கோடை விழாவில் கோடு இருந்தும் படம் வராததற்கு இதுதான் காரணம்: கோடு அலையின் வலிமையைத்தான் காட்டுகிறது, அந்த டவரில் எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் என்பதை அது காட்டாது.

டேட்டா கணக்கையும் பாருங்கள். நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் படம் வந்தால் மணிக்கு ஏறக்குறைய 675 எம்பி செலவாகும். நாளுக்கு 1.5 ஜிபி திட்டம் போட்டவருக்கு இரண்டேகால் மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். இருபது ஓவர் ஆட்டமே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பி, சில துண்டுகள் சேர்ந்த பிறகே செயலி ஓட்டத் தொடங்குவதால், பெரும்பாலும் டிஷ்ஷைவிடக் கைப்பேசி பின்தங்கியே வரும். இதை நேரலை என்று சொல்வதில் எனக்கு உறுத்தல் உண்டு.

தோட்டத்து ஐயாவுக்கும் ஒரு திருத்தம். கனமழை கொட்டும்போது முதலில் கெடுவது உங்கள் டிஷ்தான். அதற்கு வரும் உயர் அதிர்வெண் அலையை மழைத்துளிகளே உறிஞ்சிவிடும். புயல் செய்தி அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வரும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
தனித்தனி ஓட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஒரு செயலியில் பார்த்தார்கள் என்று அந்தத் தளமே அறிவித்தது. அந்த முறை தாங்காது என்றால் அது நடந்திருக்குமா? குறை கடைசி டவரில் இருக்கிறது. மலைக்கு இன்னும் டவர் கேளுங்கள், கைப்பேசியைக் குறை சொல்லாதீர்கள். பத்து இருபது நொடி பின்தங்குவதும் எங்களுக்கு ஒரு பொருட்டில்லை. ஆட்டத்தைப் பார்க்கவே முடியாதவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மலைப்பள்ளி ஆசிரியை:
கிரிக்கெட்டை மட்டும் வைத்து முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊரடங்குக் காலத்தில் நான் சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது. என் வகுப்பில் கைப்பேசி வைத்திருந்த வீடுகள் நான்கு. அவற்றில் இரண்டுக்குச் சிக்னல் கிடையாது. டிவி இருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் பதினோரு பிள்ளைகள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பின்வரிசைப் பையன் எழுத்துத் தெரியாமல் எழுந்து எழுந்து நின்றான். பதினோரு பேருக்கு அன்று ஒரு பெட்டி போதுமாக இருந்தது, ஒரு பைசா டேட்டா செலவில்லை. கைப்பேசி மட்டும்தான் வழி என்றிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் பாடமே இல்லை. மின்சாரம் போனால் பாடமும் போனது என்பதையும் மறைக்கவில்லை. விட்டுப்போன பாடத்தைப் பிறகு யூடியூபில் பார்த்தவர்கள் சிக்னல் இருந்த அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே.

டவர் கேளுங்கள் என்கிறீர்கள். டவரும் டேட்டாவும் இல்லாமலே கைப்பேசியில் ஒளிபரப்பைப் பிடிக்கும் முறைகளை ஏன் கேட்கக் கூடாது? தென்கொரியா 2005இலும் ஜப்பான் 2006இலும் அப்படிப்பட்ட சேவைகளைத் தொடங்கிவிட்டன. இங்கே தூர்தர்ஷன் 2016இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் அதற்கான டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தனிக் கருவி ஒன்றைக் கைப்பேசியில் செருகிப் பார்க்க வேண்டியிருந்ததால் மக்களிடம் அது போய்ச் சேரவில்லை. ‘டைரக்ட் டு மொபைல்’ என்ற புதிய முறையை 19 நகரங்களில் சோதிக்கப் போவதாக ஒன்றிய ஒலிபரப்புத் துறைச் செயலர் 2024 ஜனவரியில் சொன்னார். அதற்கான சிப் கைப்பேசிக்குள்ளேயே இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் செலவு கூடும் என்று எதிர்க்கிறார்கள். வீடியோ டேட்டாவில் வருமானம் பார்க்கும் தொலைபேசி நிறுவனங்களும் எதிர்க்கின்றன. அவர்கள் எதிர்ப்பதே பொதுமக்கள் இதைக் கேட்பதற்குப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

சூரமங்கலம் நெட்வொர்க்:
டீச்சர் சொல்வதை வரவேற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. ஏற்காட்டு உச்சியில் ஒரு ஒளிபரப்புக் கோபுரம் இருந்தால் கீழே சேலம் நகரமும் சுற்று வட்டாரமும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மலையின் மடிப்புகளுக்குள் இருக்கும் ஊர்களுக்கு அதே மலை நிழலாகிவிடும். அங்கே சிறு நிரப்புக் கோபுரங்கள் தனியாக வைத்தால்தான் உண்டு. நாகலூர் ஐயாவின் சமையலறைக்கு இந்த முறையிலும் கிழக்கு ஜன்னல்தான் கதியாகலாம்.

நாகலூர் காப்பித்தோட்டம்:
மழையில் டிஷ் கெடும் என்பது உண்மை. ஐப்பசி மழைக்கு இரண்டு முறை அனுபவித்தேன். பட்டறைக்காரர் சொன்னதையும் மறுக்க மாட்டேன். கூரையில் ஏறி டிஷ் மாட்ட சொந்தச் சுவர் உள்ளவனாக இருந்துதான் நான் பேசினேன்.

நேற்று மகன் வந்தபோது இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாறிவிடலாம் என்றான். அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பதால் அம்மா சம்மதிக்கவில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு ரீசார்ஜ் செய்துவிட்டேன். ஜன்னல் கட்டையில் அவனுடைய கைப்பேசிக்கு ஒரு சிறு மரத்தாங்கியும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். மழைக்கு டிஷ் நின்றால் செய்தியை அதில் காதால் கேட்டுக்கொள்வதாக அம்மா சொல்லியிருக்கிறார்.