நான்கு பேர் மிதித்து ஓட்டும் திமிங்கிலம்: ஊர்வலத்துக்கு வண்டி கட்ட யோசனை வேண்டும்

கடல்நீலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் ஊர்வலத்துக்கு இந்த முறை நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு திமிங்கிலம் கட்டப் போகிறோம். எஞ்சின், பேட்டரி எதுவும் கூடாது, கால் பலத்தில் மட்டுமே ஓட வேண்டும் என்பது ஊர்வல விதி. எங்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

மனசில் இருப்பது இது: மூக்கிலிருந்து வால் வரை 5 மீட்டர் நீளம், ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம், உள்ளே ரெண்டு வரிசையில் நாலு பேர். பழைய சைக்கிள்கள் நிறையக் கிடக்கின்றன. பெரியவர்கள் ஓட்டுகிற 26 இஞ்ச் சக்கரமும் உண்டு, பிள்ளைகள் சைக்கிளின் 20 இஞ்ச் சக்கரமும் உண்டு.

கேட்க வேண்டியவை நிறைய. மூணு சக்கரமா, நாலா? நாலு பேர் மிதிப்பதை எப்படி ஒன்று சேர்ப்பது? உடம்புக்குக் கம்பிவலை கட்டி அதன்மேல் காகிதக்கூழ் பூசலாம் என்று ஒருவர் சொல்கிறார், சரிவருமா? எல்லாவற்றையும்விட முக்கியம், வால் அசைய வேண்டும். திமிங்கிலம் என்று முடிவு செய்ததே அந்த வாலுக்காகத்தான். கையால் கயிறு இழுத்து ஆட்டுவதாக இல்லாமல், வண்டி ஓடும்போது தானாக அசைய வேண்டும். வழி சொல்லுங்கள்.

---

சங்கிலிச்சத்தம் எழுதியது:

நல்ல விலங்காப் பார்த்து எடுத்திருக்கீங்க. ஏன்னு வாலுக்கு வரும்போது சொல்றேன்.

முதல்ல வேகம். ஊர்வலம்னா நடை வேகம்தான், மணிக்கு 4 கிலோமீட்டர். மத்த எல்லாக் கணக்கும் இதுக்குக் கீழதான் வரும். 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டருக்கு மேல போகும். சாதாரண சைக்கிள்ல செயின்வீல், அதாவது பெடலோட சுத்துற பல்சக்கரம், 44 பல், பின்னாடி 16 பல். அதை அப்படியே மாட்டினா நடை வேகத்துல பெடல் நிமிஷத்துக்கு 12 தடவைதான் சுத்தும். அது மிதிக்கிறதே இல்ல, மாடிப்படி ஏறுற மாதிரி ஒவ்வொரு மிதியும் தனித்தனியா அழுத்தணும். பாதி தூரத்துல முட்டி விட்டுப்போகும். 20 இஞ்ச் சக்கரம் எடுங்க. அது ஒரு சுத்துக்கு சுமார் ஒன்றரை மீட்டர். முன்னாடி 28 பல், பின்னாடியும் 28 பல் போட்டா சக்கரம் ஒரு சுத்துக்குப் பெடலும் ஒரு சுத்து, நிமிஷத்துக்கு 45. கால் இயல்பா ஓடும்.

நாலு பேரும் வண்டியும் சேர்ந்து 400 கிலோ வரும்னு வெச்சுக்கோங்க. நூறு மீட்டருக்கு 5 மீட்டர் ஏறுற மேட்டுலகூட ஆளுக்கு 65 வாட் போல குடுத்தா நடை வேகத்துல ஏறிடலாம். ஆரோக்கியமான யாரும் ரொம்ப நேரம் குடுக்கக்கூடிய பலம் அது. அதனால பலத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, பல்லைச் சரியா வெச்சா போதும்.

சக்கரம் நாலு. மூணு சக்கர வண்டில உயரமான உடம்பைக் கட்டித் திருப்பினா ஒரு பக்கம் சாயப் பார்க்கும். நாலுல முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. இதை நாலு பேர் வண்டின்னு யோசிக்காம, ரெண்டு பேர் ஓட்டுற நீள சைக்கிள் ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்திக் குறுக்குச் சட்டம் போட்டு இணைச்சதா யோசிங்க. இடது பக்கம் உக்காந்த ரெண்டு பேர் இடது பின்சக்கரத்தை ஓட்டட்டும். வலது பக்கத்து ரெண்டு பேர் வலதை. ரெண்டு பக்கமும் தனி ஃப்ரீவீல், அதாவது முன்னோக்கி மிதிச்சா மட்டும் சக்கரத்தைப் பிடிச்சுத் தள்ளுற பின்பல்சக்கரம். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்சக்கரம் குறைய ஓடணும். ரெண்டையும் ஒரே ஆக்சில்ல இறுக்கிட்டா டயர் தரையைத் தேய்ச்சுக்கிட்டு நேராத்தான் போகும். தனித்தனி ஃப்ரீவீல் இருந்தா அதது தன் வேகத்துல ஓடிக்கும், கார்ல இதுக்குன்னு இருக்கிற டிஃபரன்ஷியலைத் தேடி அலைய வேண்டாம்.

ஒரே பக்கத்து ரெண்டு பேரை இணைக்க, பின்னால உக்காருறவங்களுக்குப் பல வளையம் உள்ள செயின்வீல் மாட்டுங்க. முன்னால இருக்கிறவங்க செயின் அதுல ஒரு வளையத்துக்கு வரட்டும், முன்னாடியும் அதே பல் எண்ணிக்கை இருக்கணும். 28 பல் வளையத்துல இருந்து சக்கரத்துக்குப் போகட்டும். குறுக்குச் சட்டத்தோட கண்டிப்பா மூலைவிட்டமாவும் ஒரு சட்டம் குடுங்க. இல்லன்னா ஒரு பக்கம் பலமா மிதிக்கும்போது செவ்வகம் சாய்சதுரம் ஆகிடும்.

முன்சக்கரத்துக்குப் பழைய ஃபோர்க்கையே அதோட தலைக்குழாயோட (ஃபோர்க் தண்டு நுழைஞ்சு திரும்புற குழாய்) வெட்டி எடுத்துப் பொருத்துங்க. சக்கரத்தை ரெண்டு பக்கமும் ஃபோர்க் பிடிச்சிருந்தா ஆக்சில் வளையாது. திருப்புறதுக்கு ஒவ்வொரு ஃபோர்க்லயும் பின்னோக்கி ஒரு இரும்புக் கை, ரெண்டு கையையும் சேர்க்க ஒரு கம்பி. அந்தக் கைகளை நேர்ப் பின்னாடி வைக்காம உள்பக்கமா சாய்ச்சு வைங்க. ஃபோர்க் தண்டுல இருந்து கை நுனி வழியா கோடு போட்டா, ரெண்டு பக்கத்துக் கோடும் பின் ஆக்சில் நடுவுல போய்ச் சேரணும். அப்பத்தான் திரும்பும்போது உள்சக்கரம் கொஞ்சம் அதிகமாத் திரும்பும், டயர் இழுபடாது. குதிரை வண்டிக்காக லாங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடிச்சு, 1818ல ஆக்கர்மன் பேர்ல இங்கிலாந்துல காப்புரிமை வாங்கின அமைப்பு இது. தரையில சாக்குக்கட்டியால முழு அளவுல வரைஞ்சு பார்த்துட்டு வெல்டிங் பண்ணுங்க.

இப்ப வால். மீன் வாலை இடம் வலமா ஆட்டும். திமிங்கிலம் மேலும் கீழுமா ஆட்டும். உங்களுக்கு இது பெரிய வரம். சக்கரமும் செயின்வீலும் நிமிர்ந்து நின்னு சுத்துறதால, அதுல ஒரு தண்டை மாட்டினா அது நேரா மேலும் கீழுமா போய் வரும். சுறாவா இருந்தா அந்த அசைவைப் படுக்கையாத் திருப்ப இன்னொரு இயந்திரம் கட்டியிருக்கணும்.

வேகத்தைக் குறைக்கணும், அதுதான் கலை. சக்கரத்தோட நேரா இணைச்சா வால் நிமிஷத்துக்கு 45 தடவை அடிக்கும். அது சிட்டுக்குருவி வால். திமிங்கிலம் நிதானமா அடிக்கணும். இப்படிப் பண்ணுங்க: ஒரு பக்கத்துப் பின்சக்கரத்துல 14 முதல் 28 பல் வரை உள்ள கியர் ஃப்ரீவீல் மாட்டுங்க. பெடல்ல இருந்து வர்ற செயின் பெரிய 28 பல்லுல. அதே ஃப்ரீவீலோட சின்ன 14 பல்லுல இருந்து இன்னொரு செயின் பின்னோக்கிப் போகட்டும். அது போய்ச் சேர வேண்டியது இன்னொரு பழைய சைக்கிளோட 48 பல் செயின்வீல், வால் அடியில சட்டத்தோட வெல்டிங் பண்ணினது. அது நிமிஷத்துக்கு 13 தடவை சுத்தும். அந்தச் செயின்வீலோட பெடல் கையைக் கழட்டாதீங்க, சுத்துறதை மேலும் கீழுமான அசைவா மாத்துற கிராங்க் அதுதான்! அதோட நீளம் 17 சென்டிமீட்டர், அதனால தண்டு 34 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். பெடல் இருந்த துளையில தண்டை மாட்டுங்க. வாலை ஒரு நெம்புகோலா நிறுத்தி, தண்டு தள்ளுற இடம் அச்சுல இருந்து ஒரு பங்கு தூரம், வால் நுனி மூணு பங்கு தூரம்னு வெச்சா, நுனி ஒரு மீட்டர் ஏறி இறங்கும். நாலரை விநாடிக்கு ஒரு தடவை அடிக்கும். நிஜத் திமிங்கிலம் போறதைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. ஊர்வலம் அடிக்கடி நிக்கும். அப்ப பின்னோக்கி மிதிங்க. வண்டி நகராது, ஆனா ஃப்ரீவீல் பல்லெல்லாம் பின்னோக்கிச் சுத்தும், வால் தொடர்ந்து அடிக்கும். நிக்கிற திமிங்கிலம் உயிரோட நிக்கும். இதுக்காக அந்தச் செயின்கள்ல செயினை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வெச்ச டென்ஷனர் வேண்டாம். நகராத உருளை வெச்சு இறுக்குங்க.

வாலோட எடையைத் தாங்க பழைய ட்யூபை மேல இழுத்துக் கட்டிடுங்க. வால் பாதி உயரத்துல தானா நிக்கிற வரை இழுங்க. அப்ப மிதிக்கிறவங்களுக்கு அசைக்கிற வேலை மட்டும்தான், தூக்குற வேலை இல்ல.

---

துணிக்கூடாரம் எழுதியது:

உடம்பு பத்தி நான் சொல்கிறேன். காகிதக்கூழ் வேண்டாம். 5 மீட்டர் உடம்புக்கு அதன் எடை உங்களை அழுத்திவிடும், ஒரு தூறல் விழுந்தால் இன்னும் மோசம். வளையக்கூடிய பிளாஸ்டிக் வயரிங் குழாயை விலா எலும்பு மாதிரி வளைத்து நிறுத்தி, இழுபடும் துணியைப் போர்த்துங்கள்.

காற்றை நினைவில் வையுங்கள். பக்கவாட்டில் 10 சதுர மீட்டர் துணி என்றால், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று சுமார் 40 கிலோ பலத்தோடு தள்ளும். நாலு பேர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கவிழாது. ஆபத்து எல்லோரும் இறங்கி, வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போதுதான். அப்போது ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டிவையுங்கள்.

தாடையிலிருந்து வயிறு வரை நீளவாக்கில் வரிவரியாக ஓடும் பள்ளங்கள் கூனல் திமிங்கிலத்துக்கும் நீலத் திமிங்கிலத்துக்கும் உண்டு. அந்த வரிகளை ஒன்றுவிட்டு ஒன்று வலைத்துணியில் தையுங்கள். வெளியே இருப்பவர்களுக்கு அது திமிங்கிலத்தின் தொண்டையாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அதுவே ஜன்னல், காற்றும் அதன் வழியே வரும். முன்னால் உட்காருபவரின் கண் உயரத்துக்கு அந்த வரி வருகிறதா என்று அவரை உட்காரவைத்து அளந்த பிறகே வெட்டுங்கள். இந்த வகைத் திமிங்கிலங்களுக்குத் தலைமேல் ஊதுதுளை ரெண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

---

பாதைக்காவல் எழுதியது:

வாலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவின் ஃபெர்ன்டேல் ஊரில் 1969இல் ஹோபார்ட் பிரவுன் என்ற சிற்பி, மகனின் மூன்று சக்கர சைக்கிளை ஐந்து சக்கர வண்டியாக மாற்றிக் கட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கட்ட, மெயின் ரோட்டில் ஒரு போட்டியே நடந்தது. வென்றது அவர் வண்டி அல்ல, புகை விட்டுக்கொண்டு முட்டையிட்ட ஓர் ஆமை. அந்தப் போட்டி வளர்ந்து, இன்று ஆர்கேட்டாவிலிருந்து ஃபெர்ன்டேல் வரை மூன்று நாள் ஓடுகிறது. பால்டிமோரில் ஓர் அருங்காட்சியகம் 1999 முதல் இப்படி ஒன்றை நடத்துகிறது.

ஆனால் அந்த வண்டிகளின் படங்களைப் பார்த்து அப்படியே கட்டாதீர்கள். அவை மணலிலும் தண்ணீரிலும் போக வேண்டியவை. மிதவையும் அகலச் சக்கரமும் அதற்காக. சியாட்டிலின் ஃப்ரீமாண்ட் ஊர்வலம்தான் உங்களுக்கு நெருக்கமானது. அங்கேயும் மோட்டார் கூடாது. எழுத்து, சின்னம் எதுவும் கூடாது. பார்ப்பவர் உருவத்தை மட்டுமே பார்க்கிறார்.

நான் ஊர்வலங்களில் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து போகிறவன். பிள்ளைகள் சக்கரத்தை நோக்கித்தான் ஓடி வருவார்கள். நாலு மூலைக்கும் ஒருவர் நடக்க வேண்டும், உள்ளே இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி ஒரு விசிலோடு. பிரேக் ரெண்டு தனித்தனி ஆட்கள் கையில் இருக்கட்டும்.

---

கடல்நீலம் எழுதியது:

சங்கிலிச்சத்தம் அக்கா, பின்னோக்கி மிதித்தால் வால் அடிக்கும் என்று படித்ததும் எழுந்து போய் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். பல் மட்டும் பின்னால் சுற்றுகிறது, சக்கரம் அப்படியே நிற்கிறது! குழுவில் எல்லோருக்கும் செய்து காட்டிவிட்டேன்.

ரெண்டு சந்தேகம். வால் கீழே வரும்போது பின்னால் வருகிற யார் தலையிலாவது பட்டால்? எங்களில் யாருக்கும் வெல்டிங் தெரியாது, போல்ட் போட்டே முடித்துவிடலாமா?

---

சங்கிலிச்சத்தம் எழுதியது:

வால் அச்சை உயரத்துல வெச்சு, நுனி எவ்வளவு இறங்கினாலும் நிக்கிற ஆள் தலைக்கு மேலயே இருக்கிற மாதிரி பாருங்க. முடியலன்னா ஓரத்துக்கு நுரை மட்டும் போடுங்க, குழாய் நுனி வரை வரக்கூடாது. அதோட, தண்டு வாலைப் பிடிக்கிற இடத்துல போல்ட் போடாதீங்க. பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ரெண்டு போட்டுக் கட்டுங்க. வால் எதுலயாவது மாட்டினா பட்டை அறுந்துடும், நாலு பேரோட கால் பலம் அதுல இறங்காது. பையில பத்து பட்டை எடுத்துட்டுப் போங்க, நின்ன இடத்துலயே மாத்திடலாம்.

குறுக்குச் சட்டத்தை மரத்துல போட்டு யூ போல்ட்டால குழாயோட இறுக்கலாம், நல்லாவே பிடிக்கும். எடை தாங்குற குழாயில துளை மட்டும் போடாதீங்க. ஆனா ஃபோர்க்ல வர்ற திருப்பு கையும், தலைக்குழாய் சட்டத்தோட சேர்ற இடமும் வெல்டிங்தான், அதுவும் கை தேர்ந்தவங்க பண்ணணும். சாக்குக்கட்டிப் படத்தை அளவெடுத்துக் குடுங்க. துத்தநாகப் பூச்சு போட்ட குழாயைக் குடுத்தா பூச்சைச் சுரண்டிட்டுக் குடுங்க, சூட்டுல அந்தப் புகை வெல்டிங் பண்றவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும்.

எலும்புக்கூடு முடிஞ்சதும் துணி போர்த்தாமலே மணல் மூட்டை ஏத்தி ஓட்டிப் பாருங்க, பாதையிலேயே பெரிய மேடு எதுவோ அங்க. இறக்கத்துல ஒரே ஒரு பிரேக்கால நிக்குதான்னு பாருங்க, அப்புறம் அடுத்த பிரேக்கால. புது ஸ்போக்ஸ் முதல் ஓட்டத்துல இளகும், வந்ததும் நாலு சக்கரத்தையும் இறுக்குங்க. பட்டறைக் கதவோட அகலத்தை மட்டும் இன்னிக்கே அளந்து எழுதுங்க. வால் எங்க கழண்டு வரணும்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.